அடித்துவிட்ட இரண்டாம் வரி

என்னைப் பற்றி எங்கள் பம்ப் செக்‌ஷனில் ஒரு பேச்சு உண்டு. இன்னாசிமுத்துவிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், அவன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே கொடுத்தவனுக்கு நாக்கு வறண்டுவிடும் என்பார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் நானில்லை. நெய்வேலியில் முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். சுரங்கத்துக்குள் தேங்குகிற மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புகள் என் பொறுப்பு. பர்மிட் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட நான் கழற்றியதில்லை, அடுத்தவனைக் கழற்ற விட்டதும் இல்லை.

பர்மிட் என்றால் ஒரு தாள்தான். மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் என்ன வேலை, எந்த முறையில் செய்யப்போகிறோம் என்று வரிசையாக அதில் அச்சடித்திருக்கும். செய்யக் கூடாததைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது அடித்ததுதான். கையெழுத்துப் போட்டவன் மறுபடி எழுதித் தராமல், பெரிய இன்ஜினியரே வந்து நின்றாலும் அந்த வேலை நடக்காது. இதை ஒருநாள் என் மனைவிக்கு விளக்கமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அதான் உங்க பம்பெல்லாம் நல்லா ஓடுது. நம்ம வூட்டு கொழாதான் நாலு மாசமா ஒழுவிக்கினு கெடக்குது" என்றாள்.

அவள் பேர் ஜெயசெல்வி. பிறந்தது மேல்பட்டாம்பாக்கம். டவுன்ஷிப்பில் ஒரு நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர். நாற்பது பிள்ளைகளைப் பிரம்பு இல்லாமல் வாயாலேயே உட்கார வைக்கிறவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் என்னைத் திட்டினால் மூன்று குவார்ட்டர்ஸ் தள்ளி இருப்பவர்கள்கூட எனக்காகப் பரிதாபப்படுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். காலையில் அடுப்படியில் அவள் பால்காரனையோ, பூனையையோ, ஆண்டவரையோ யாரையாவது நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் போதும். காலை ஒன்பதரை மணி வாக்கில் சாதிக் அலி வந்திருந்தான். எங்கள் செக்‌ஷனில் பன்னிரண்டு வருஷமாகக் காண்ட்ராக்ட்டில் வேலை செய்கிறவன், என் கீழே தொழில் பழகியவன். மகள் ஷப்னமைச் செல்வியின் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதைப் பற்றிக் கேட்க வந்தான். செல்வி அவனுக்கு டீ கொண்டுவந்தாள். கொண்டுவரும்போதே என் குழாய்க் கதையை அவனிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் பம்ப் பாக்கற மனுசன் தம்பி இவரு. வூட்டுல ஒரு வாசரு மாத்தச் சொன்னா..."

அதற்குப் பிறகு வந்தது வார்த்தையாக இல்லை. "பாச... பழ... பா..." என்றாள். நான் சிரித்தேன். வகுப்புப் பிள்ளைகள் மாதிரிப் பேசி என்னைக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். வலது கையில் இருந்த டம்ளர் நழுவி டீ முழுவதும் அவள் காலில் கொட்டியது. அவள் காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, டீச்சருக்கு வாய் கோணிக்கினு போவுதுண்ணே" என்று சாதிக்தான் எழுந்து ஓடி அவளைப் பிடித்தான். அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்து இறந்தவர். அவனுக்கு அந்த முகம் தெரிந்திருந்தது.

இரண்டு பேருமாக அவளை மாடிப்படியில் தூக்கி இறக்கினோம். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்கள். மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயே அடைத்துக்கொண்டிருக்கிறது, ஊசியில் மட்டும் கரைவது கஷ்டம், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனால் குழாய் வழியாக உள்ளே போய்க் கட்டியையே எடுத்துவிடுவார்கள் என்று சொல்லி ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டார்கள். பாண்டிச்சேரிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள்.

சாதிக்கும் கூடவே ஏறிக்கொண்டான். வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று வண்டி பறந்தது. செல்வி கண்ணைத் திறந்துதான் இருந்தாள். இடது கையால் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ கேட்கிறாள் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் அவள் கேட்டது எனக்குப் புரியாமல் போனது அன்றைக்குத்தான். ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. இறங்கிய பத்தாவது நிமிஷத்தில் டாக்டர் சிவசங்கர் என்று ஒருவர் கையில் தாளோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியாக, கண்ணில் தூக்கமில்லாதவர் மாதிரி இருந்தார். பூமிக்கு அடியில் இருந்த கீழ்த்தளத்தில், ஆபரேஷன் அறை வாசலில் நின்றபடியே பேசினார்.

"சார், தொடையில இருக்கற ரத்தக்குழாய்ல ஒரு டியூப் விட்டு, கழுத்து வழியா மூளை வரைக்கும் கொண்டுபோவோம். அடைச்சிருக்கற கட்டியை எடுக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கட்டிக்கு முன்னாடி வரைக்கும் டியூபைக் கொண்டுபோய் அப்படியே உறிஞ்சி எடுக்கறது. இன்னொண்ணு, சன்னமான கம்பி வலையைக் கட்டிக்குள்ள விட்டு விரிச்சு, கட்டி அதுல மாட்டினதும் இழுக்கறது. எது தோதோ அதைச் செய்வோம். தேவைப்பட்டா ரெண்டும். இதுல கையெழுத்துப் போடுங்க."

மூளை, ஆபரேஷன் என்று கேட்டதும் வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். எனக்கு நடுக்கம் நின்றுவிட்டது. குழாய், அடைப்பு, உறிஞ்சுவது, இழுப்பது. இது என் பாஷை. காலையிலிருந்து ஒன்றும் புரியாமல் கிடந்த எனக்கு முதல்முறையாக ஒன்று புரிந்தது. அந்தத் தெம்பில் நான் இன்னாசிமுத்துவாக மாறிவிட்டேன்.

"எவ்ளோ சைஸ் பைப்பு சார் அது?"

"டியூபா? ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும்."

"அடைப்பு கெட்டியா, எளகலா?"

"எடுத்தாத்தான் சார் தெரியும். ஸ்கேன்ல ஓரளவுக்குத்தான் ஊகிக்க முடியும்."

"வலை போட்டு இழுக்கறப்ப கட்டி ஒடைஞ்சு துண்டு உள்ள போயிடுச்சின்னா?"

டாக்டர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "அந்த ரிஸ்க் கொஞ்சம் இருக்கு. உறிஞ்சறதுலயும் இருக்கு. அதுக்கும் வழி வெச்சிருக்கோம். நீங்க கையெழுத்துப் போடுங்க, உள்ள அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

எனக்கு ஒரு பழைய விஷயம் மனதில் வந்து நின்றுவிட்டது. சுரங்கத்தில் பெரிய மழைக்குப் பிறகு ஒருமுறை களிமண் உருண்டை குழாயை அடைத்துக்கொண்டது. நான் எதிர்ப்பக்கம் இருந்து உறிஞ்சி எடுக்கலாம் என்றேன். மற்றவர்கள் கேட்கவில்லை. கம்பியில் கொக்கி மாட்டி இழுத்தார்கள். உருண்டை இரண்டாக உடைந்து, பாதி வெளியே வந்தது. பாதி வளைவில் போய்ச் செருகிக்கொண்டது. குழாயை அறுத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து கொக்கி, கம்பி என்று எவன் பேசினாலும் எனக்கு ஆகாது.

அதை அந்த டாக்டரிடம் சொன்னேன். அந்த வாசலில் நின்று, களிமண், வளைவு, அறுத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இரண்டு முறை குறுக்கே பேச வந்தார், நான் விடவில்லை. சாதிக் அலி என் முழங்கையைத் தொட்டான்.

"அண்ணே, அவங்களுக்குத் தெரியாததாண்ணே? கையெழுத்தப் போடுங்கண்ணே."

"நீ சும்மா இருடா. இது காண்ட்ராக்ட் வேலைன்னு நெனச்சியா, வந்தமா போனமான்னு?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அப்படிச் சொன்னேன். ஒன்பதே முக்காலிலிருந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து.

டாக்டர் பொறுமையானவர். "சார், இந்த ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எத்தனையோ நாட்டுல ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க" என்றார். "பெரிய வித்தியாசம் கிடையாது. பேஷண்டைப் பாத்து நாங்க முடிவு பண்ணிக்கறோம். போற ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டு இருக்கு. தயவுசெஞ்சு போடுங்க."

வித்தியாசம் இல்லாமல் எப்படி இரண்டு முறை இருக்கும் என்று நான் நினைத்தேன். இவர் அவசரத்தில் மழுப்புகிறார் என்று நினைத்தேன். தாளை வாங்கி முழுவதும் படித்தேன். கண்ணாடி சட்டைப் பையில் இல்லை, தூர வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றாம் வரியில் உறிஞ்சி எடுத்தல் என்று இருந்தது. இரண்டாம் வரியில் வலைக்கம்பி வைத்து இழுத்து எடுத்தல் என்று இருந்தது. பேனாவை வாங்கி, இரண்டாம் வரியைக் குறுக்கே நேராகக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் சின்னதாக இ.மு. என்று போட்டேன். கீழே முழுக் கையெழுத்து, தேதி, நேரம். ஒன்று நாற்பத்து மூன்று என்று என் கையால்தான் எழுதினேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "என்ன சார் இது?"

"உறிஞ்சியே எடுங்க சார். நிதானமா எடுங்க. கம்பி வேணாம்."

"இப்படி அடிச்சுக் குடுத்தா எங்க கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும் சார்."

"அதுக்குத்தான சார் அடிக்கறது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "முதல்ல உறிஞ்சித்தான் பாக்கப்போறோம். வரலேன்னா உங்ககிட்டதான் வரணும். இங்கயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். கதவு மூடியது.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். செல்வியைக் கண்டவன் கையில் விடாமல், கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். புருஷன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? மாதாவே, காப்பாத்து என்று ஜெபமாலையை எடுத்து உருட்டினேன்.

இரண்டு பத்து மணி வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். அப்போது போன் அடித்தது. மகள் மெர்லின். பெங்களூரில் வேலை. காலையில் சாதிக் சொல்லி, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தாள். "அப்பா, அப்பா" என்று அழுகிற சத்தம் மட்டும் கேட்டது, மற்றது அறுந்து அறுந்து விழுந்தது. கீழ்த்தளத்தில் டவர் இல்லை. "இரும்மா, மேல வந்து பேசறேன்" என்று எழுந்தேன். சாதிக்கிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

படி ஏறி, வராந்தா தாண்டி, வாசலில் வண்டிகள் நிற்கிற இடம் வரைக்கும் போனால்தான் பேச்சு தெளிவாகக் கேட்டது. குழந்தை தனியாகப் பஸ்ஸில் அழுதுகொண்டு வருகிறாள். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டாமா? சொன்னேன். என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொன்னேன். தொடையிலிருந்து டியூப் போகும் வழியைச் சொன்னேன். இரண்டு முறையையும் சொன்னேன். கம்பி வேண்டாம் என்று நான் ஏன் அடித்துவிட்டேன் என்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"நீங்க இருக்கீங்கன்னுதான்ப்பா எனக்குத் தைரியம். வேற யாராச்சும்னா கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போட்டிருப்பாங்க" என்றாள் மெர்லின்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பேசினேன். அந்தப் பேச்சு பதினேழு நிமிஷம் நாற்பது விநாடி. போனில் இன்னும் அப்படியே இருக்கிறது, நான் அழிக்கவில்லை.

வைத்துவிட்டுத் திரும்பினால், சாதிக் அலி வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடி வருகிறான். சட்டையெல்லாம் வேர்வை.

"எங்கண்ணே போனீங்க? எத்தன வாட்டி அடிக்கறது, பிசி பிசின்னே வருது! டாக்டரு வாசல்ல நிக்கறாருண்ணே!"

நான் போன கொஞ்ச நேரத்திலேயே நர்ஸ் வெளியே வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். சாதிக் மேலே ஓடி, கேன்டீன், மருந்துக் கடை, கழிப்பறை என்று தேடியிருக்கிறான். நான் வாசலுக்கு வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்றதால் அவன் கண்ணில் படவில்லை. மறுபடி கீழே போய், "நானே போடறேன், குடுங்க, நான் அவரு தம்பி" என்று சொல்லியிருக்கிறான். நர்ஸ் பேர் கேட்டாளாம். சாதிக் அலி என்றானாம். அவள் தாளைத் தரவில்லை.

நாங்கள் ஓடிப்போனபோது டாக்டர் சிவசங்கர் பச்சை உடுப்போடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவை உறிஞ்சிப் பாத்துட்டோம் சார். வரல. கெட்டியான கட்டி. வலை போட்டாத்தான் வரும். நீங்க அடிச்சிருக்கீங்க. எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை. சுவரில் தாளை வைத்து எழுதும்போது பேனா எழுதவில்லை, உதறி உதறி எழுதினேன். மணி இரண்டு முப்பத்தைந்து.

ஒரே இழுப்பில் வந்துவிட்டதாம். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்தது. ரத்தம் முழுசாக ஓடுகிறது என்றார்கள். எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார்கள். கருஞ்சிவப்பாக, இரண்டு சோற்றுப் பருக்கையைச் சேர்த்து வைத்த நீளம். உடையவே இல்லை. முழுசாக இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டரை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். அப்போது செல்விக்கு நினைவு திரும்பியிருந்தது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. நான் கேட்ட கேள்விகளிலேயே கடைசிக் கேள்விகள் அவைதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் யாரையும் எதுவும் அதிகம் கேட்பதில்லை.

"சார், உண்மையச் சொல்லுங்க. ரெண்டுல எதுதான் நல்ல முறை?"

"அன்னைக்குச் சொன்னதுதான் சார். ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஒருத்தருக்கு அதுல வரும், ஒருத்தருக்கு இதுல வரும். ஒண்ணுல வரலேன்னா அடுத்ததுக்குப் போயிடுவோம். எந்த முறைங்கறதவிட, எவ்வளவு சீக்கிரம் தொறந்தோம்ங்கறதுதான் முக்கியம்."

"என்னால எவ்ளோ நேரம் போச்சு சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? பிசியோதெரப்பி இருக்கு, பேச்சுப் பயிற்சி இருக்கு..."

"சொல்லுங்க சார்."

அவர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். "முதல்ல ஒரு இருபது நிமிஷம். நடுவுல ஒரு இருபது" என்றார்.

"அந்த நாப்பது நிமிஷம் போவலேன்னா அவ பேசியிருப்பாளா?"

"அப்படி யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பேசியிருக்கலாம்."

நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதேன். சாதிக் பக்கத்தில் வந்து நின்றான். "நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. மெர்லின் பாப்பாகிட்டகூட சொல்லல" என்றான். அவனை நான் ஒரு வார்த்தை காண்ட்ராக்ட் என்று சொன்னேனே, அதற்கு அவன் தந்த பதில் அது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. செல்வி வீட்டில் இருக்கிறாள். பிடித்துக்கொண்டால் நான்கு எட்டு வைக்கிறாள். நாம் சொல்வதில் பாதி அவளுக்குப் புரிகிறது என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்கிறார். எந்தப் பாதி என்று அவருக்கும் தெரியாது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்திருக்கிறது. சரி.

இட்லி வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றால் சரி. வலிக்கிறதா, சரி. நான் யார் தெரிகிறதா, சரி. சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம், அவர்களை அறியாமலே வருமாம். நான் சொன்ன எதற்கும் ஒரு நாளும் சரி என்று சொல்லாதவள் அவள். கோவிலில் பாதிரியார் முன்னால் மாப்பிள்ளையை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டபோதுகூட, "யோசிச்சுத்தான் சாமி வந்திருக்கேன்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவள்.

மெர்லின் வேலையை இங்கிருந்தே செய்கிறாள். அம்மாவைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அவள்தான். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "அப்பா மட்டும் அன்னைக்கு எல்லாத்தையும் கேட்டு நின்னு செய்யலேன்னா அம்மா இன்னைக்கு இல்ல" என்று சொல்வாள். ஒவ்வொரு முறை அவள் சொல்லும்போதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்பாவுக்குக் கூச்சம் என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனில் யாரிடமோ இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் வைத்ததும் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"மெர்லின், நான் ஒண்ணு சொல்லணும். நான்தாம்மா உங்கம்மாவ இப்படிப் பண்ணேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் நின்று களிமண் கதை பேசியது, இரண்டாம் வரியை அடித்தது, அவர்கள் கூப்பிட்டபோது நான் அங்கே இல்லாதது, டாக்டர் சொன்ன நாற்பது நிமிஷம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும், கத்தட்டும், முகத்தில் முழிக்காமல் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"டாக்டர் கூப்புட்டப்ப நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

நான் செல்வியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்கூட பேசிக்கினு இருந்தீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதையும் முன்னால் பின்னால் யோசிக்காமல் செய்ய மாட்டேன் என்று முப்பது வருஷம் மார்தட்டியவன், இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட இதை யோசிக்கவில்லை. என் பாரத்தை இறக்கி வைக்கப் போய் அதைக் கொண்டுபோய்ப் பிள்ளை தலையில் வைத்துவிட்டேன்.

"உன்மேல என்னம்மா தப்பு, எழுந்து போனது நான்..."

"நான் போனை வெச்சிருக்கணும்ப்பா. நீங்க வெக்கறேன்னு சொன்னீங்க. நான்தான் இன்னும் கொஞ்சம் பேசுங்கன்னேன்."

ஆமாம், அப்படிச் சொன்னாள். அது எனக்கு மறந்துபோயிருந்தது. அவள் எழுந்தாள். கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று "மெர்லினு, மெர்லினு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை.

திரும்பி வந்தேன். செல்வி நாற்காலியில் அப்படியே இருந்தாள். வாயின் வலது ஓரத்தில் சோறு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன். மூடிய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை அழுதால் யார் அழ வைத்தது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவள் அவள். அவள் கண்ணில் அது இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான்தான் அடிச்சேன் செல்வி. அந்த ரெண்டாவது வரிய நான்தான் அடிச்சேன். ஒன் பேச்ச நான்தான் புடுங்கினேன். இப்ப பாப்பாவையும் அழ வெச்சிட்டேன். கேக்குதா ஒனக்கு?"

"சரி" என்றாள்.

"சரின்னு சொல்லாத. திட்டு. எப்பவும் திட்டுவியே, ஊரே கேக்கற மாதிரி. ஒரே ஒரு வாட்டி திட்டு செல்வி. ஒன்னக் கும்புடறேன்."

அவள் உதடு கூடி அசைந்தது. இடது கை எழுந்து வந்து என் தலையில் பட்டது. அடிக்க வந்ததா, தடவ வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி" என்றாள்.